புரை

மசேருவில் ஜூலை.
பூட்டு உறைந்துபோயிருந்தது; தீக்குச்சி உரசி இளக்கித் திறந்தேன்.
உள்ளே இன்குபேட்டர் மட்டும்
முப்பத்தேழு டிகிரியில் முனகிக்கொண்டிருந்தது.
மூன்றாம் தட்டில் அவருடைய குழாய்.
லேபிளில் என் கையெழுத்து:
செகோன்யானா மொலாபோ, அறுபத்தாறு,
மொகோட்லாங், முன்னாள் சுரங்கத் தொழிலாளி.
கட்டம் போதாமல்
'தொழிலாளி' ஓரத்தில் சாய்ந்து தொங்குகிறது.

சளிக் குப்பியை நீட்டும்போது சொன்னார்:
"இவன் பழைய ஆள், மகளே.
எண்பத்தேழிலேயே குடிவந்துவிட்டான்.
இத்தனை நாள் தூங்கிக் கிடந்தான்."

தூக்கம் இல்லை அது என்று நான் திருத்தவில்லை.
வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று பெயர்.
அதைச் செய்யும் மரபணு
நானூற்று முப்பத்தைந்து எழுத்து, ஒரு சின்னக் கடிதம்.
பெயரை நம்ப வேண்டாம்.
சூட்டுக்கு அது அவ்வளவாக அசைவதில்லை.
மூச்சு முட்டும்போதுதான் எழுகிறது.

எழுந்து சண்டை போடுவதில்லை.
மடிப்புக் கலைந்து
ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டப் பார்க்கும்
மற்ற புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது.
சரிசெய்வதுகூட இல்லை,
பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.
அந்த வேலைக்கு எரிபொருள் கேட்பதில்லை.
கூலியும் கேட்பதில்லை.

சூடு இருந்தது வேறிடத்தில்.
வெல்கோமில் ஆளெடுத்த முதல் வாரம்
சட்டையைக் கழற்றச் சொல்லி
நீராவி அடைத்த கொட்டகையில் நிறுத்தினார்கள்.
மரக்கட்டை மேல் ஏறு, இறங்கு,
ஏறு,
இறங்கு,
தாளம் தட்ட ஒரு யந்திரம்,
நாக்கடியில் தெர்மாமீட்டர், நாலு மணி நேரம்.
மயங்கி விழுந்தவனை ஊருக்கு அனுப்பினார்கள்.
விழாதவனைப் பூமிக்குள் அனுப்பினார்கள்.
இவர் விழவில்லை.
இரண்டரை கிலோமீட்டர் கீழே, பாறைக்கே காய்ச்சல் அடிக்கும் இடத்தில்,
பன்னிரண்டு வருடம் விழவில்லை.

போன மாதம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன்.
கண்வில்லைக்குள்ளும் இருக்கிறது
அதே குடும்பத்துப் புரதம் ஒன்று.
பிறப்பதற்கு முன்பே வேலையில் சேர்ந்துவிடும்;
நடுவில் ஆள் மாற்றமாட்டார்கள்.
மொகோட்லாங் பனியை, முதல் சம்பளக் கவரை,
அவர் ஊர் வராத ஆண்டில் பிறந்த மகளின் போட்டோவை
அவர் பார்த்ததெல்லாம்
அது இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால்தான்.
அப்புறம் கை ஓய்ந்தது.
வில்லையில் பால் கலந்தது.

கண்ணில் புரை விழுந்த மனிதருக்கு
நெஞ்சும் புரையோடிக் கிடக்கிறது.
ஒரே வம்சத்துப் பிள்ளைகள்:
ஒன்று அவருக்காக உழைத்துத் தேய்ந்தது.
மற்றொன்று அவனுக்காக உழைக்கிறது, இன்னும் தேயவில்லை.
யாரை நொந்துகொள்வது என்று தெரியாமல்
ஜெல்லைச் சாயத்தில் முக்கினேன்.
பதினாறின் பக்கத்தில் பட்டை விழுந்தது,
நல்ல நீலம், நல்ல தடிமன்.
ஆய்வுக்கு அழகான முடிவு.
நோட்டில் 'தெளிவு' என்று எழுதி, பேனா மசி உறைந்து, ஊதி, மறுபடி எழுதினேன்.

பதினோரு மணிக்கு வந்தார்.
நஷ்டஈட்டுப் படிவத்துக்குப் பழைய அட்டை வேண்டுமாம்,
கொண்டுவந்திருந்தார், பிளாஸ்டிக் உறையில்.
நான் வாங்கிப் படிக்கப் போனேன்.
"வேண்டாம், இப்போது எனக்கே தெரியும்" என்று
ஜன்னல் பக்கம் திரும்பி, புதுக் கண்ணால்,
விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்:

வெப்பச் சோதனை: தேறினார்.

சிரித்தார்.
சிரிப்பு இருமலாகத் திரும்பியது.
சோளக்கதிர் போட்ட கம்பளியை வாய்க்கு இழுத்துக்கொண்டு
இன்னொரு கையால்
நான் தள்ளி நிற்கும்படி சைகை காட்டினார்.